மாதம்மாள் அக்காவைப் பேச அழைத்துப்போன நாட்கள்

வேலையை விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காகப் பழைய ஊழியர்கள் தங்கள் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். முப்பத்திரண்டு வயதில் என்னைப் பழைய ஊழியர் என்றதும் சிரிப்பு வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி போனில் வெளிப்படையாகவே கேட்டாள்: “அக்கா, பாதிக்கப்பட்டவங்களை ஒவ்வொரு ஊரா கூட்டிட்டுப் போய் கஷ்டப்படுத்தாம, ஒரு தடவை வீடியோ எடுத்து எல்லா காலேஜுக்கும் அனுப்பிட்டா போதாதா?”

நல்ல கேள்வி. அவளுக்கு அப்போது என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. என் மகள் சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தாள், அவளைத் தடுக்க ஓடிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். இப்போது எழுதுவதுகூட முழுப் பதில்தானா என்று எனக்கு உறுதியில்லை.

நான் பாப்பாரப்பட்டியில் பிறந்து வளர்ந்தவள். சமூகப்பணி படித்தேன். படிப்பு முடிந்ததும் தருமபுரியில் இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். சாதிச் சண்டையில் வீடு, உறவு, உடைமை இழந்தவர்கள் இளைஞர்களைச் சந்தித்துத் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்வதற்கு ஏற்பாடு செய்வதுதான் எங்கள் வேலை. ஒருவர் காதலித்துத் திருமணம் செய்துகொண்டார் என்பதற்காக ஒரு தெருவையே கொளுத்தலாம் என்று செல்போன் குழுக்களில் பேசிக்கொள்கிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெருதான் தெரியும். அந்தத் தெருவில் இருக்கிற ஓர் ஆளைத் தெரிய வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் எனக்குப் பயிற்சி தந்தார்கள், புத்தகங்கள் தந்தார்கள், சென்னைக்கு அனுப்பினார்கள். அதில் பெரும்பகுதி மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது ஸ்டெல்லா மேடம் வேலை செய்த விதம்.

ஸ்டெல்லா மேடம் எங்கள் இயக்குநர். ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுவார். பாதிக்கப்பட்ட ஒருவரை முதல்முறை பார்க்கப் போகும்போது நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்க மாட்டார். ஆடு மாடு, பிள்ளைகள் படிப்பு, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா, இவைதான் பேச்சு. பேச விருப்பமா என்பதை இரண்டு முறை கேட்க வேண்டும் என்பது அவருடைய விதி. முதல்முறை கேட்டவரே இரண்டாம் முறை போகக் கூடாது. “உன் மூஞ்சிக்காக சரின்னு சொல்லியிருப்பாங்க. இன்னொருத்தர் கிட்ட இல்லேன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு வழி வேணும்” என்பார். கதை எந்த இடத்தில் நிற்கும் என்பதைச் சொல்பவரே முடிவு செய்வார். அதைத் தாண்டி யாரும் கேள்வி கேட்கக் கூடாது. போட்டோ கிடையாது. சொல்பவருடன் அவருக்குப் பிடித்த ஒருவர் வர வேண்டும். மறுநாள் அவர் வீட்டுக்கு யாராவது கட்டாயம் போய்வர வேண்டும். கூட்டம் நடக்கும்போது மேடம் கதவோரத்தில்தான் உட்காருவார். சொல்பவருக்கு முடியாமல் போனால் உடனே வெளியே அழைத்துப் போவதற்காக. முடிந்ததும் “நல்லா பேசினீங்க” என்று ஒருநாளும் சொன்னதில்லை. “பஸ் எத்தனை மணிக்கு, வூட்டுக்குப் போய் என்ன வேலை இருக்கு?” என்றுதான் கேட்பார். முதலில் இது எனக்கு இறுக்கமாகப் பட்டது. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். பாராட்டினால் அடுத்த முறை நம் பாராட்டுக்காகப் பேசுவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

மாதம்மாள் அக்கா எங்களிடம் வந்தபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பல வருடங்களுக்கு முன் அவருடைய தெருவுக்குள் ஒரு கூட்டம் புகுந்து வீடுகளைக் கொளுத்தியது. அவர் வீடும் அதில் போனது. பொம்மிடியிலிருந்து ரயிலேறிப் போய் உறவுக்காரர் வீட்டில் சில மாதம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அதே இடத்தில் மீண்டும் வீடு கட்டிக்கொண்டார். பிழைப்புக்குப் புளி வேலை. மண்டியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்து, ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுத்துத் திருப்பித் தருவார்.

அவரை முதல்முறை ஒரு கல்லூரிக்கு அழைத்துப் போனோம். மேடை, மைக், பூங்கொத்து எல்லாம் வைத்திருந்தார்கள். அக்கா மைக் முன்னால் போய் நின்றார். பேச்சு வரவில்லை. பிள்ளைகள் அவரை உற்சாகப்படுத்த நினைத்துக் கைதட்டினார்கள். கைதட்டினால் முடிந்துவிட்டது, இறங்கலாம் என்று அர்த்தம் போல என்று அக்கா நினைத்துக்கொண்டார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, “சீக்கிரம் வுட்டுட்டாங்க, நல்ல புள்ளைங்க” என்றார். கல்லூரி முதல்வர் என்னைப் பார்க்க, நான் மேடத்தைப் பார்க்க, மேடம் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். சிரிப்பை அடக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார்.

மறுநாள் விதிப்படி நான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் புளியோடு உட்கார்ந்திருந்தார். நானும் சும்மா இருக்க முடியாமல் ஒரு கை புளியை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் கை வேலையில் இருந்தது, கண் புளியில் இருந்தது. வாய் தானாகப் பேசத் தொடங்கியது. எதிலிருந்து தொடங்கினார் என்றால், வீடு எரிந்த அன்று காலை அவர் கன்றுக்குட்டிக்கு வயிற்றுப்போக்கு. அதிலிருந்துதான் தொடங்கினார். முடிக்கும்போது என் நகமெல்லாம் புளிப்பேறி எரிந்தது.

அதை நான் மேடத்திடம் சொன்னேன். “அப்ப புளியையும் கொண்டு போவோம்” என்றார்.

அப்படித்தான் எங்கள் கூட்டங்களில் மேடையும் மைக்கும் போயின. தரையில் பாய் விரித்து, நடுவில் புளியைக் கொட்டி, சுற்றிலும் மாணவர்கள் உட்காருவார்கள். கம்பைநல்லூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் முதல்முறை இப்படி நடத்தியபோது ஒரு பையன், “என்னா மேடம், ட்ரெயினிங்னு சொல்லி கூலி வேலைக்கு வெச்சுட்டீங்க?” என்றான். மாதம்மாள் அக்கா தலை நிமிராமல், “கூலி கெடையாது தம்பி. நீ பிதுக்குற பிதுக்குக்கு மண்டிக்காரரு எங்கிட்ட அபராதம் கேக்காம இருந்தா போதும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு பேச்சு எளிதாக வந்தது. கை வேலையில் இருந்தால் கேட்பவன் சொல்பவரின் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வெட்கப்பட்டால் புளியைப் பார்த்துக்கொள்ளலாம். அக்காவுக்கும் அப்படியே.

இப்போது அருணின் விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். பேறுகால விடுப்பு முடிந்து மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த நேரம். பிரஷர் மாத்திரை வாங்க வந்த ஒரு பெண் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெயர் இந்திராணி. தோட்டம், கிணறு, தக்காளி வெள்ளாமை என்று வசதியாக இருக்கிற விவசாயக் குடும்பம். அவருடைய அண்ணன் மகள் எங்கள் கூட்டம் ஒன்றில் கலந்துகொண்டவளாம், அவள் சொல்லித்தான் என்னைத் தெரியுமாம். குழந்தையைக் கொஞ்சிக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவருடைய ஒரே மகன் அருண், டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிறான். எந்நேரமும் போன். அவர்கள் தெருப் பெண் ஒருத்தி காலனிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டாள். பையனின் அப்பா அம்மா காலனி வீட்டில்தான் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூட வேண்டும் என்று குழுவில் செய்தி ஓடுகிறது. அந்தச் செய்தியை எழுதியவர்களில் அருணும் ஒருவன்.

“மேடம், அவன் கெட்டவன் இல்லீங்க. கோழி அறுத்தாகூட எந்திரிச்சுப் போயிடுவான். ஆனா இப்ப அவன் பேசறதைக் கேட்டா எம் புள்ளயான்னு பயமா கெடக்குது” என்றார்.

என் குழந்தை ஊசி வலியில் அழுதுகொண்டிருந்தாள். அவளைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இருபது வருடம் கழித்து இவள் என்ன பேசுவாள், யாருடன் நிற்பாள், எனக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தேன். அன்று வீட்டுக்குப் போகவில்லை. குழந்தையோடு நேராக அலுவலகத்துக்குப் போனேன்.

ஸ்டெல்லா மேடம் முதலில் செய்தது இந்திராணிக்குப் போன் செய்ததுதான். “நீங்க சொன்னதைக் காவல்துறைக்கும் தாசில்தாருக்கும் இன்னைக்கே சொல்லப் போறேன். சொன்னேன்னு உங்க பையனுக்கும் தெரியணும். மறைச்சு எதுவும் செய்ய மாட்டோம்” என்றார். அந்தப் பக்கம் இந்திராணி அழுதது எனக்கே கேட்டது. கேஸ் ஆகிவிடுமா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். “அவன் போகலேன்னா எந்தக் கேஸும் இல்லைம்மா” என்றார் மேடம்.

நான் நினைத்தது, மேடம் தப்புச் செய்கிறார் என்று. ஒரு தாய் நம்பிச் சொன்னதைப் போலீசுக்குச் சொல்லலாமா? காலனி வீட்டில் இருக்கிற இன்னொரு தாயை நினைத்தால் சொல்லாமல் இருக்கலாமா? இரண்டு நாள் இதே யோசனை.

மாதம்மாள் அக்காவை அந்த ஊருக்கு அழைத்துப் போகும் பேச்சுக்கே இடமில்லை. கொதித்துக்கொண்டிருக்கிற இடத்துக்குச் சொல்பவரைக் கொண்டுபோகக் கூடாது. அருண் தருமபுரிக்கு வர வேண்டும், எதற்கு வருகிறோம் என்று தெரிந்தே வர வேண்டும். அதை அவன் அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அக்காவிடம் கேட்க நான் போனேன்.

அவர் முடியாது என்றார். “காலேஜ் புள்ளைங்க வேற. கூட்டத்துக்குக் கெளம்பி நிக்கிறவன் முன்னாடி எப்புடி உக்கார்றது? நெஞ்சு அடிச்சுக்குது எனக்கு.”

நான் வற்புறுத்தவில்லை. ‘சரி அக்கா’ என்று வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது இன்னும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது. இல்லை என்று ஒருவர் சொன்ன பிறகும் விதிப்படி இன்னொருவர் ஒருமுறை போய் வருவார், மனம் மாறியிருந்தால் சொல்லட்டும் என்று. மறுநாள் எங்கள் சக ஊழியர் முருகேசன் போனார். அக்கா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். அந்தப் பையனின் அம்மாவும் வர வேண்டும், கூட உட்கார்ந்து புளி எடுக்க வேண்டும்.

இது சின்ன நிபந்தனை இல்லை என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இந்திராணியின் வீட்டுக்கு மாதம்மாள் அக்கா போனால் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

வியாழக்கிழமை காலை எங்கள் அலுவலக மாடியில் பாய் விரித்தோம். அருண் இரண்டு நண்பர்களோடு வந்தான். மெலிந்த பையன், இஸ்திரி போட்ட சட்டை. வாதாடிப் பார்ப்போம் என்றுதான் வந்திருக்கிறான் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. இந்திராணி பாயின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். மாதம்மாள் அக்கா அவரை அழைக்கவில்லை. தான் மட்டும் வேலையை ஆரம்பித்தார். சிறிது நேரம் கழித்து இந்திராணி புடவையை ஒதுக்கிக்கொண்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். டீ வந்தபோது அக்காவே ஒரு டம்ளரை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். இந்திராணி மகனை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துக் குடித்தார். அருண் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அக்கா வழக்கம்போலக் கன்றின் வயிற்றுப்போக்கில் தொடங்கினார். பாதியில் அருண் குறுக்கிட்டான். “அதான் கவர்மெண்ட்ல புது வூடு கட்டிக் குடுத்துட்டாங்களே. இன்னும் எத்தனை வருஷத்துக்குப் பழசையே பேசுவீங்க?”

இந்திராணி “டேய்” என்றார். மேடம் கதவோரத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

அக்கா மேடத்தைப் பார்த்து, உட்காருங்கள் என்பது போலக் கையசைத்தார். “குடுத்தாங்க தம்பி. இல்லேன்னு சொல்லல. பழைய வூட்டை வுட பெருசு” என்றார். பிறகு, அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவர் நின்றுவிடுகிற இடத்தைத் தாண்டிப் போனார்.

வந்த கூட்டத்தில் ஒருவனை அவருக்குத் தெரியும். மாம்பழக்கூழ் கம்பெனியில் சீசன் வேலைக்கு இருவரும் ஒன்றாகப் போனவர்கள். அக்கா என்றுதான் கூப்பிடுவான். புளியந்தோப்பில் ஒளிந்துகொண்டு அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவன்தான் கொட்டகையில் கட்டியிருந்த கன்றை அவிழ்த்து வெளியே ஓட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் தீ வைத்தார்கள். அவன் அங்கேயே நின்றான்.

“கன்னு செத்துப்போயிடுமேன்னு அவனுக்குத் தோணியிருக்குது. அப்ப அவனுக்குத் தெரிஞ்சிருக்குது, இல்ல தம்பி? எல்லாம் தெரிஞ்சுதான் நின்னான். இப்ப பஸ் ஸ்டாண்டுல என்னைப் பார்த்தா அந்தப் பஸ்ல ஏற மாட்டான். அடுத்த பஸ்ஸுக்கு நிப்பான். எனக்கு அவனைத் திட்டணும்னுகூட இல்ல. நம்ம கன்னு பொழைச்சுதுடான்னு ஒரு வார்த்தை சொல்லணும். நிக்க மாட்டேங்கிறான்.”

ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. அருணும் எப்போதோ உரிக்க ஆரம்பித்திருந்தான். நார் எது சதை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துப் புளியைப் பார்த்தபடியே கேட்டான்.

“அவ்ளோ பேரு கூட வந்திருக்காங்க. அவன் போகணும்னு நெனச்சாலும் அப்ப போயிருக்க முடியுமா?”

“வந்த வழி தொறந்துதான் கெடந்துது தம்பி” என்றார் அக்கா.

அருண் வேறொன்றும் கேட்கவில்லை. நண்பர்கள் கிளம்பலாம் என்று கண் காட்டியதும் எழுந்தான். போகும்போது எங்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

வீடியோ போதாதா என்று கேட்ட பெண்ணுக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. வீடியோவில் அந்தக் கேள்வியை அவன் யாரிடம் கேட்டிருப்பான்? அக்காவும் கன்றை அவிழ்த்துவிட்டவனைப் பற்றிக் கேமராவிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் அன்று அவர் தாண்டிப் போனதற்கு விலையும் கொடுத்தார். மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனபோது சுருண்டு படுத்திருந்தார். ஆகவே வீடியோ வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கேட்கிற ஆள் எதிரில் இருக்க வேண்டும், சொல்கிற ஆளை அடுத்த நாள் பார்க்கப் போக வேண்டும், இவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முருகேசன் காலையிலேயே காலனித் தெருவுக்குப் போய், அந்தப் பையனின் பெற்றோரோடு இருந்தார். ஊருக்குள் போலீஸ் வேன் நிற்பதாகச் சொன்னார். நான் வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாதிச் சோறு தரையில் கிடந்தது. இந்திராணி போன் செய்தார். “சட்டை போட்டுக்கிட்டு வெளிய போயிட்டான் மேடம். கையைப் புடிச்சேன், உதறிட்டுப் போயிட்டான்.” கதவைத் திறந்தே வையுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் மறுபடி போன். கூட்டம் கூடியிருக்கிற கோயில்வரை போனவன், எல்லாரும் அங்கிருந்து கிளம்பும்போது திரும்பி நடந்து வந்துவிட்டானாம். கூட இரண்டு பேர் வந்தார்களாம். “ஏன்னு கேக்கல மேடம். சோத்தைப் போட்டேன். திங்கறான்.”

கேட்காதீர்கள் என்றேன். எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது.

மீதிக் கூட்டம் ரோட்டுவரை வந்து கத்தியது. ஒரு பைக் கண்ணாடியை உடைத்தார்கள். போலீஸ் மறித்ததும் கலைந்து போனார்கள். மேடத்திடம் இதைச் சொன்னபோது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அருண் திரும்பியது அக்கா பேச்சாலா, போலீஸ் வேனாலா, அம்மா கையைப் பிடித்ததாலா, நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“தெரியாது” என்றார் மேடம். “போய் மாதம்மாவுக்குச் சொல்லு. காத்துக்கிட்டிருப்பாங்க.”

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அருண் திரும்பியதைச் சொன்னேன், கூட வந்த இரண்டு பேரைச் சொன்னேன், காலனி வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொன்னேன். அவர் உம் கொட்டிக்கொண்டே வந்தார். நான் முடித்ததும் கேட்டார்.

“அந்த வூட்டுல இன்னைக்குச் சோறு ஆக்குனாங்களா?”

எனக்குத் தெரியவில்லை. இருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு முருகேசனுக்குப் போன் போட்டேன். அவர் இன்னும் அந்த வீட்டில்தான் இருந்தார். விசாரித்துச் சொன்னார். காலையிலிருந்து அடுப்புப் பற்ற வைக்கவில்லையாம். இப்போதுதான் அந்த அம்மா எழுந்துபோய்க் களி கிண்டுகிறார். கீரை கடைந்தாயிற்று. முருகேசனையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிறார்களாம். அவர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று மறுத்துக்கொண்டிருந்தார்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

“பஸ்ஸு கெடக்குது” என்றார் மாதம்மாள் அக்கா. “உக்காந்து சாப்புட்டு வரச் சொல்லுங்க.”